பனித்தளத்தில் இருந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்ததும் எங்கள் மாணவிகள் முதலில் கைவிடுவது விளையாட்டைத்தான். உயிரியல் கற்பிப்பவள் என்பதால் இதை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். "வகுப்புகளுக்கே நேரம் போதவில்லை டீச்சர்" என்று தாய்மார் சொல்லும்போது மறுத்துப் பேச என்னிடம் அதிகம் இருப்பதில்லை. ஆயினும் அப்போதெல்லாம் டென்லி ஓல்பிரைட் என்ற அமெரிக்கப் பெண்மணி என் நினைவுக்கு வருகிறார். அவருடைய கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் ஈடுபட்ட விளையாட்டு பிகர் ஸ்கேட்டிங். நம்மில் பலர் அதைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருப்போம். சப்பாத்தின் அடியில் பொருத்தப்பட்ட ஒடுங்கிய உருக்குத் தகட்டின் மீது நின்றபடி பனித்தளத்தில் வழுக்கிச் செல்வார்கள். அந்தத் தகட்டின் அடிப்பக்கம் தட்டையானதல்ல. நீளவாட்டில் ஒரு பள்ளமும் அதன் இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகளும் உண்டு. உடலை எந்த விளிம்பின் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கமாகப் பாதை வளையும். துள்ளலும் சுழற்சியும்தான் பார்ப்பவர்களைக் கவர்கின்றன. ஆனால் ஓல்பிரைட்டின் காலத்தில் புள்ளிகளில் பெரும்பகுதி வேறொன்றுக்குக் கிடைத்தது. ஒற்றைக் காலில் நின்று '8' போன்ற வடிவங்களைப் பனியில் வரைய வேண்டும். பின்பு அதே கோட்டின் மீது மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த விளையாட்டுக்குப் பெயர் தந்ததும் இந்த வடிவங்களே. 1990க்குப் பிறகு உலகப் போட்டிகளில் இவை இல்லை. கைத்தட்டல் கிடைக்காத வேலை அது. அதற்கும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தாக வேண்டும்.

ஓல்பிரைட் 1935ஆம் ஆண்டு பொஸ்டன் நகரை அண்டிய நியூட்டனில் பிறந்தவர். தந்தை ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். 1946இல், 11 வயதில், அவரைப் போலியோ தாக்கியது. வாய் வழியாக உட்சென்று குடலில் பெருகும் இந்த வைரசு, சிலரில் முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களை அழித்துவிடும். அவ்வாறானால் தசை இயங்க மறுக்கும். அப்போது தடுப்பூசி இருக்கவில்லை. ஜோனாஸ் சோல்க்கின் தடுப்பூசி பயனளிக்கிறது என்ற அறிவிப்பே 1955இல்தான் வந்தது. பிள்ளை மீண்டும் நடப்பாளா என்பதையே வைத்தியர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோய் தணிந்த பின், பலவீனமடைந்த முதுகுத் தசைகளை வலுவாக்குவதற்காக, அவர் முன்பே பழகியிருந்த பனித்தளத்துக்குத் திரும்பினார்.

1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம். 1953இல் உலக சம்பியன் பட்டம். அமெரிக்கப் பெண்ணொருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அதே வருடம் ரட்கிளிப் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்திய படிப்பைத் தொடங்கினார். அதிகாலை 4 மணிக்குப் பயிற்சி, அதன் பின் விரிவுரைகள். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு அநியாயமாகிவிடும். அவருக்கு வசதி இருந்தது. வீட்டுக்கு அண்மையில் நல்லதொரு கழகமும் இருந்தது. அத்தனை இருந்தும் அவராலேயே இரண்டையும் எப்போதும் ஒருசேர இழுத்துச் செல்ல முடியவில்லை. ஒலிம்பிக்குக்கு முன்னர் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டார். இதுதான் அவர் வாழ்வில் நான் கவனித்த விடயம். எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் திணிக்காமல், எந்த வருடம் எதற்கு என்று பிரித்துக்கொண்டார்.

1956 ஜனவரி, இத்தாலியின் கோர்ட்டினா. போட்டிக்கு இரண்டு வாரங்கூட இல்லை. பயிற்சியின்போது விழுந்ததில் இடது காலின் தகடு வலது சப்பாத்தைக் கிழித்துக் கணுக்காலை எலும்பு வரை வெட்டிவிட்டது. தந்தை அமெரிக்காவில் இருந்து விமானத்தில் வந்து காயத்தைக் கவனித்தார். மகளின் கணுக்காலை அந்த நிலையில் பார்த்த ஒரு வைத்தியர், "போதும், வீட்டுக்கு வா" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். மகள் பனித்தளத்தில் இறங்கினார். பெப்ரவரி 2ஆம் திகதி போட்டி முடிந்தபோது தங்கப் பதக்கம் அவருக்கே. இந்த விளையாட்டில் அமெரிக்கப் பெண்ணொருவர் பெற்ற முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது. இரண்டாமிடம் பெற்ற கரோல் ஹைஸ், சில நாட்களில் நடந்த உலகப் போட்டியில் அவரை வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் தம் நாட்டுச் சம்பியன் பட்டத்தை ஐந்தாவது தடவையாகப் பெற்று, ஓல்பிரைட் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். வயது 21ஐ எட்டிய காலம். இன்னும் சில வருடங்கள் வெல்லக்கூடிய வயதுதான்.

அவர் சென்றது ஹாவர்ட் மருத்துவக் கல்லூரிக்கு. அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1945இல்தான். முதற்பட்டத்தை முடிக்காமலேயே அனுமதி பெற்றார். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

1961 பெப்ரவரி 15ஆம் திகதி, உலகப் போட்டிக்காகப் பிராக் நகருக்குப் புறப்பட்ட அமெரிக்க அணி முழுவதும் பிரசல்ஸ் அருகே விமான விபத்தில் உயிரிழந்தது. ஓல்பிரைட்டின் பயிற்றுநர் மரிபெல் வின்சனும் அவருடைய இரு புதல்வியரும் அதில் இருந்தனர். வின்சனும் ரட்கிளிப் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்தான். அதே 1961இல் ஓல்பிரைட் மருத்துவப் பட்டம் பெற்றார். தந்தையைப் போலவே சத்திரசிகிச்சை நிபுணராகி, 20 வருடங்களுக்கும் மேலாக அப்பணியைச் செய்தார்.