பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகளின் தேர்ச்சி எதைப் பொறுத்தது?

கோலா குபு பாருவிலிருந்து இரயிலில் வடக்கே சென்றால், பேராக் எல்லையைக் கடந்ததும் தஞ்சோங் மாலிம் வருகிறது. 1922ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்றது. ஆகவே, உயர்கல்வி நம் தோட்டங்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆயினும், பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவது ஒன்று; சிறந்த தேர்ச்சியுடன் வெளிவருவது மற்றொன்று.

பள்ளியில் முதல்வனாக விளங்கிய பிள்ளை, பல்கலைக்கழகத்தின் முதற்பருவத் தேர்வில் பின்தங்கிவிடுவதுண்டு. அப்பொழுது பெற்றோர், "நாங்கள் படிக்காதவர்கள், எங்கள் பிள்ளைக்குப் படிப்பு எப்படி வரும்?" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். இவ்வெண்ணம் சரியானதா?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் கறுப்பின மாணாக்கர் பலர் முதலாண்டுக் கணிதத்தில் தோல்வியுற்றனர். வறுமையும் பெற்றோரின் அக்கறையின்மையுமே காரணம் எனப் பலர் கருதினர். யூரி டிரைஸ்மன் என்பார் மாணாக்கருடன் நெருங்கிப் பழகி ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. அவர்கள் கடுமையாகவே உழைத்தனர். ஆனால், தனித்தனியே படித்தனர். நன்கு தேறிய சீன வம்சாவளி மாணாக்கரோ கூடிப் படித்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்திக்கொண்டனர். பின்னர், கறுப்பின மாணாக்கரும் குழுவாக அமர்ந்து கடினமான கணக்குகளைச் செய்தனர்; அவர்களது தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

தோட்டத்திலிருந்து தனியே செல்லும் நம் பிள்ளைக்கும் இஃது ஒரு பாடமாகும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி கற்று, ஆங்கில நூல்களையும் படிக்கவேண்டிய நிலையில் ஐயங்கள் எழுவது இயல்பே. கூச்சத்தால் அவற்றைக் கேளாதிருப்பதே கேடு.

அடுத்து, வகுப்பு வருகை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஆராய்ச்சி, பள்ளி மதிப்பெண்களைக் காட்டிலும் வகுப்பு வருகையே பல்கலைக்கழகத் தேர்ச்சியை நன்கு காட்டுகிறது எனக் கண்டது.

மூன்றாவது, படிக்கும் முறை. 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஒரு பகுதியை நான்கு தவணை திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஒரு வாரத்திற்குப் பின் நூற்றுக்கு 40 பங்கையே நினைவுகூர்ந்தனர். ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ 61 பங்கை நினைவுகூர்ந்தனர். ஆழமாக வெட்டுவதால் மட்டும் பால் பெருகிவிடாது. முறையாக வெட்டவேண்டும் என்பதை நாம் அறிவோமன்றோ? கல்வியும் அத்தகையதே.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? தொலைபேசியில், "நன்றாகப் படி" என்பதோடு நில்லாமல், "இன்று யாருடன் சேர்ந்து படித்தாய்? எந்த ஐயத்தை விரிவுரையாளரிடம் கேட்டாய்?" என வினவுங்கள். விசேஷங்களுக்காக வகுப்பு நாளில் வீட்டிற்கு அழைக்காதீர்கள். செலவுக்குப் பணம் போதாவிடில் மறைக்காமல் சொல்லும்படி கூறுங்கள். பகுதிநேர வேலையால் உறக்கமும் வகுப்பும் கெடுமுன் கல்விக் கடனுதவிக்கும் உபகாரச் சம்பளத்திற்கும் விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

முதற்பருவத்தில் மதிப்பெண் குறைந்தால், அது பிள்ளையின் அறிவுக்குறையுமன்று, உங்கள் குறையுமன்று. படிக்கும் முறையை மாற்றவேண்டும் என்பதற்கான அறிகுறியே அது. காலத்தே மாற்றிக்கொண்டால் வெற்றி கைகூடும்.