கேம் வாங்கவும் வாதாடவும் அக்கா டிப்ஸ்

"ஒரு நல்ல கேம் சொல்லுங்களேன்"னு நண்பர்கள் குரூப்ல கேட்டுப் பாரு. அஞ்சு நிமிஷத்துல பத்துப் பேரு வந்து விழும். எல்டன் ரிங் ஆடாதவன் மனுஷனே இல்லைம்பான் ஒருத்தன். ஸ்டார்டியூ வேலியில தக்காளி போட்டு அறுவடை பண்ற நிம்மதி வேற எதுல வரும்பா இன்னொருத்தி. மூணாவது ஆளு ரெண்டையும் திட்டிட்டு வேறொண்ணைச் சொல்வான். கேள்வி கேட்டவரை எல்லாரும் மறந்திருப்பாங்க, சண்டை மட்டும் ராத்திரி வரைக்கும் ஓடும்.

அந்தச் சண்டையும் இந்தப் பொழுதுபோக்கோட ருசிதான், வேண்டாங்கலை. ஆனா செலவாகப்போற காசும் லீவு நாளும் உன்னோடது. ஊரே மெச்சற கேமா இருந்தாலும் உனக்குப் பொருந்துதான்னு பார்த்துத்தான் தொடணும். எப்படிக் கேட்கிறது, எப்படி வாங்கறது, எப்படி வாதாடறதுன்னு அக்கா வரிசையா சொல்றேன், கேட்டுக்கோ.

1. கேட்கும்போதே விவரமா கேளு

"நல்ல கேம்"னு மொட்டையா கேட்டா, சொல்றவன் தனக்குப் பிடிச்சதைத்தான் சொல்வான். அவனைக் குறை சொல்ல முடியாது, உன்னைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? நாலு விவரம் கொடுத்துட்டுக் கேளு. எதுல ஆடப்போற, போனா, லேப்டாப்பா, பிளேஸ்டேஷனா? ஒரு தடவை உட்கார்ந்தா எவ்வளவு நேரம் கிடைக்கும்? தனியாவா, கூட ஆள் உண்டா? கடைசியா எந்த கேமைப் பாதியில விட்ட, ஏன் விட்ட?

நாலாவதுதான் ரொம்ப உதவும். பிடிச்ச கேம் பட்டியல் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி இருக்கும். விட்டதுக்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். "விட்சர் 3 கதை பிடிச்சுது, ஆனா மேப் முழுக்கக் கொட்டிக் கிடந்த சின்னச் சின்ன வேலை அலுத்துப்போச்சு"ன்னு சொல்லிப் பாரு. விவரம் தெரிஞ்சவன் இன்னொரு பெரிய ஓப்பன் வேர்ல்டு கேமை உன் தலையில கட்டமாட்டான். கதை நேரா ஓடற, சீக்கிரம் முடியற ஒண்ணை எடுத்துக் கொடுப்பான்.

2. மெஷினைப் பார்த்துட்டு ஆசைப்படு

ஆன்லைன் கடையில கேமோட பக்கத்தைத் திறந்தா, கீழே மினிமம், ரெகமண்டட்னு ரெண்டு பட்டியல் இருக்கும். மினிமம்னா ஓடும், அவ்வளவுதான். அழகா ஓடணும்னா ரெகமண்டட் பட்டியலோட உன் மெஷினை ஒப்பிடு. எல்டன் ரிங்குக்குக் குறைஞ்சபட்சமே 12 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் வேணும். பால்டர்ஸ் கேட் 3-க்கு எஸ்எஸ்டியில 150 ஜிபி இடம் வேணும். மொபைல் டேட்டாவுல தினம் ரெண்டு ஜிபி வச்சுக்கிட்டு அதை இறக்க ஆரம்பிச்சா ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், கணக்குப் போட்டுக்கோ.

காலேஜுக்கு வாங்கின சாதாரண லேப்டாப்தான் இருக்கா? கவலையே படாதே. ஸ்டார்டியூ வேலி, செலஸ்ட், ஹாலோ நைட், வாம்பயர் சர்வைவர்ஸ் எல்லாம் அதிலேயே ஓடும். இதுல ஸ்டார்டியூ வேலி எரிக் பரோன்ங்கிற ஒரே ஆளு நாலு வருஷத்துக்கு மேல உட்கார்ந்து, கோடு, படம், இசை எல்லாம் தானே பண்ணி 2016-ல வெளியிட்டது. கிராபிக்ஸ் கார்டு விலையை வச்சு கேமோட தரத்தை அளக்கறவங்ககிட்ட இதைச் சொல்லு.

3. மணிக்கணக்கை விலையால வகுக்காதே

எந்த கேம் எத்தனை மணி நேரம் பிடிக்கும்னு "ஹவ் லாங் டு பீட்" தளத்துல பார்த்துடலாம். கதையை மட்டும் முடிக்க, ஓரளவு சுத்திப் பார்க்க, ஒண்ணு விடாம முடிக்கன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. போர்ட்டல் மூணு மணி நேரத்துல முடியும். விட்சர் 3 கதைக்கு மட்டுமே ஐம்பது மணி நேரம் பக்கம் ஆகும். செமஸ்டர் பரீட்சை வர்ற மாசத்துல எதைத் தொடணும்னு உனக்கே புரியும்.

நீளமா இருந்தாத்தான் காசுக்கு மதிப்புங்கிறது ஒரு பழைய வாதம். 2023-ல வந்த வெண்பாவை எடுத்துக்கோ. 1980-கள்ல கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தோட கதை. அம்மாவோட சமையல் குறிப்பு நோட்டு அழிஞ்சும் கிழிஞ்சும் கிடக்கும். விட்டுப்போன வரியை ஊகிச்சு, இட்லியும் புட்டும் நீதான் சமைக்கணும். இங்கிலீஷ்லயே பேச ஆரம்பிக்கிற பையனுக்கும் அம்மாவுக்கும் நடுவுல விழற இடைவெளிதான் கதையே. மொத்தமும் ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். "ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவு விலையா?"ன்னு கேட்டவங்க உண்டு. அதே வெண்பாவுக்குத்தான் 2024-ல பாஃப்டாவோட அறிமுக கேம் விருது கிடைச்சுது. ரெண்டையும் மனசுல வச்சு முடிவு பண்ணு. வருஷத்துக்கு ஒரே ஒரு கேம் வாங்கற வசதிதான் இருக்குன்னா நீளம் பார்க்கிறது நியாயம். அதுக்காகச் சின்ன கேமை ஏமாத்து வேலைன்னு சொல்றது நியாயமில்லை.

4. சதவீதத்துக்குப் பின்னால போய்ப் பாரு

ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில 95 சதவீதம்னு பார்த்ததும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு மார்க்னு நினைச்சுக்காதே. அங்கே ஆளுக்கு ஒரே கேள்விதான்: பரிந்துரைப்பியா, மாட்டியா? நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேர் சரின்னாங்க, அவ்வளவுதான் அர்த்தம். பரவாயில்லைன்னு நினைச்சவனும் உயிரையே கொடுப்பேன்னவனும் அதுல ஒண்ணுதான்.

அதனால மூணு விஷயம் பாரு. ரிவ்யூ எழுதினவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்காருன்னு பக்கத்துலயே இருக்கும். கடைசி 30 நாள் ரிவ்யூ தனியா இருக்கும், புது அப்டேட் கேமைக் கெடுத்துதா தேத்துச்சான்னு அதுல தெரிஞ்சுடும். மூணாவதா, திட்டி எழுதினதைப் படி. "எதிரியே இல்லை, சும்மா நடந்துக்கிட்டே இருக்கணும்"னு ஒருத்தர் கடுப்பாகி எழுதியிருந்தா, உனக்கு அதுவே வாங்கறதுக்குக் காரணமா இருக்கலாம்.

ஆடாமலே மார்க் போடற கூட்டமும் உண்டு. 2020-ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தப்ப, முடிக்கவே நேரம் இல்லாத முதல் நாள்லயே ஆயிரக்கணக்குல பூஜ்யம் குவிஞ்சுது. அதுக்கப்புறம் மெட்டாகிரிட்டிக்ங்கிற ரிவ்யூ தளம், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிச்சுத்தான் பொதுமக்கள் மார்க் போடலாம்னு விதி வச்சுது. முதல் நாள் கோபத்தையும் முதல் நாள் குதூகலத்தையும் ஒரே அளவு சந்தேகத்தோட பாரு.

5. வெளியான அன்னிக்கே வாங்கணும்னு அவசரப்படாதே

சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர்ல. பழைய பிளேஸ்டேஷன் 4-ல அது தடுமாறின தடுமாற்றத்துல, சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துட்டு, அடுத்த ஜூன்லதான் திரும்ப வச்சுது. அப்புறம் பெரிய பெரிய அப்டேட் வந்து கேம் தேறிடுச்சு. பொறுமையா இருந்து 2023-ல வாங்கினவங்களுக்குக் கிடைச்சது முதல் நாள் வாங்கினவங்களுக்குக் கிடைச்சதைவிட எவ்வளவோ நல்ல கேம். 2016-ல வந்த நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான். சொன்ன பலது இல்லைன்னு வசவு வாங்கிச்சு. வருஷக்கணக்கா இலவச அப்டேட் கொடுத்து, 2024-லதான் ஸ்டீம்ல மொத்த ரிவ்யூவும் "வெரி பாசிட்டிவ்" அளவைத் தொட்டுது.

பொறுக்க முடியலையா? ஸ்டீம்ல வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த ரெண்டு மணி நேரத்தை உன் ஹீரோவுக்கு மூக்கு வரையறதுல கரைச்சுடாதே, அதுவும் கணக்குல சேரும். முதல்ல செட்டிங்ஸ் சரி பண்ணு, கன்ட்ரோலர் வேலை செய்யுதான்னு பாரு, ரெண்டு சண்டை போட்டுப் பாரு. டெமோ இருந்தா அதை முதல்ல ஆடு. வேற கடையில கீ வாங்கி ஸ்டீம்ல போட்டிருந்தா இந்த ரீஃபண்ட் கிடையாது.

6. ஈஸி மோடு சண்டையில் இறங்கும் முன்

கேமர்கள் கூடற இடத்துல ஓயாத வழக்கு இது. செகிரோ 2019-ல வந்தப்ப, அதுல ஈஸி மோடு இல்லாததை வச்சு ரெண்டு கட்சி பிரிஞ்சுது. கஷ்டப்பட்டு ஒரு பாஸைச் சாய்க்கிற அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த கேமே, அதை இளக்கினா ஒண்ணும் மிஞ்சாதுங்கிறது ஒரு கட்சி. காசு கொடுத்தவன், கை வேகம் இல்லாதவன், உடல் குறை உள்ளவன் பாதியிலேயே நின்னுடணுமாங்கிறது இன்னொரு கட்சி. 2025 செப்டம்பர்ல சில்க்சாங் வந்தப்பவும் இதே வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துது. சில நாள்லயே ஆரம்பப் பகுதி பாஸ்கள் சிலதைக் கொஞ்சம் இளக்கி அப்டேட் கொடுத்தாங்க.

வாதாடு, ஆனா நடுவுல இருக்கிற கேம்களையும் தெரிஞ்சுக்கிட்டு வாதாடு. செலஸ்ட் ரொம்பக் கஷ்டமான கேம். அதுலயே அசிஸ்ட் மோடுன்னு ஒண்ணு வச்சு, வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம்னு விட்டிருக்காங்க. ஹேடீஸ்ல காட் மோடு போட்டா முதல்ல அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறைஞ்சுக்கிட்டே 80 வரைக்கும் போகும். ரெண்டையும் கஷ்டமாவே ஆடி ரசிச்சவங்களும் ஏராளம். பக்கத்து இலைக்காரர் காரம் குறைச்சுக் கேட்டா உன் இலைச் சாம்பார் ருசி குறையறதில்லையே. அதே நேரம், எல்லா கேமும் எல்லாருக்கும் வளைஞ்சு கொடுக்கணும்னு படைச்சவங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இது என் கட்சி, நீ உன் கட்சியைச் சொல்லலாம்.

7. வாதத்துக்கு அக்காவோட சட்டம்

"குப்பை"ன்னு சொல்லாதே, எது பிடிக்கலைன்னு சொல்லு. பிரெத் ஆஃப் தி வைல்டுல ஆயுதம் நாலு அடியில உடைஞ்சுபோகும். அது எரிச்சல்னு ஒருத்தன் சொல்வான். அதனாலதான் புதுப் புது ஆயுதத்தை எடுத்து ஆடினேன்னு இன்னொருத்தன் சொல்வான். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசறதால அது நல்ல சண்டை.

ஆடாத கேமைப் பத்தித் தீர்ப்பு சொல்லாதே. யூடியூப்ல பார்த்ததை ஆடினதா காட்டிக்காதே. போன்ல பிஜிஎம்ஐ ஆடறவனை "நீயெல்லாம் ஒரு கேமர்தானா?"ன்னு கேட்காதே. அவன்கிட்ட இருக்கிற மெஷின் அது, உன்னைவிட நல்லாக் குறி வைக்கவும் செய்வான். முக்கியமா கதையை உடைக்காதே. அவுட்டர் வைல்ட்ஸ் மாதிரி கேம்ல நீ கண்டுபிடிக்கிற விஷயம்தான் உனக்குக் கிடைக்கிற ஒரே சொத்து. "ஆடு, எதையும் தேடிப் படிக்காதே"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடு.

8. நீ பரிந்துரைக்கும்போது

மூணுக்கு மேல சொல்லாதே. பட்டியல் நீண்டா கேட்டவர் எதையும் ஆடமாட்டார். சட்டுனு எடுத்துக் கொடுக்க அக்காவோட கைவசம் இருக்கிறது இது:

ரெண்டு பேர் சேர்ந்து ஆட: இட் டேக்ஸ் டூ. ஒருத்தர் வாங்கினா ஃப்ரெண்ட்ஸ் பாஸ்ல மத்தவர் இலவசமா ஆன்லைன்ல சேர்ந்துக்கலாம்.
கேமே ஆடாத அம்மாவுக்கு: அன்பேக்கிங். வீடு மாறின பெட்டியைப் பிரிச்சு அடுக்கணும். எந்த டப்பா எங்கே போகணும்னு நமக்கே பாடம் எடுப்பாங்க.
துப்பறியும் நாவல் பைத்தியத்துக்கு: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்.
அசதியா இருக்கிற ஞாயித்துக்கிழமைக்கு: எ ஷார்ட் ஹைக்.
பத்து வயசுத் தம்பிக்கு: மைன்கிராஃப்ட். எவ்வளவு கெஞ்சினாலும் ஜிடிஏ 5 வேண்டாம். அட்டையிலேயே 18-னு போட்டிருக்கு. அப்பா கார்டையும் ஓடிபி வர்ற போனையும் அவன் கையில கொடுக்காதே.

கடைசியா ஒண்ணு. யாராவது சொன்ன கேமை ஆடி முடிச்சதும், இல்லை பாதியில விட்டதும், அவங்களுக்கு ரெண்டு வரி அனுப்பு: எது பிடிச்சுது, எங்கே அலுத்துது. பெரும்பாலானவங்க இதைச் செய்யறதே இல்லை. அடுத்த தடவை நீ கேட்கும்போது அவங்க ஊர் முழுக்கச் சொல்ற பேரை விட்டுட்டு, உன்னை நினைச்சு ஒரு பேரைச் சொல்வாங்க.