முடிவு எடுத்தாச்சா, இல்லையா?

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலைப் பற்றிப் பேச நம் கிளை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சின்னச் சொல் வேலையையே மாற்றிடும். நான்கு வடிவங்களைப் பார்ப்போம்.

1. 'டிசைட் டு': பின்னால் வினைச்சொல் வரும். 'வீ டிசைடட் டு ஹெல்ப்': உதவுவதென்று முடிவு.

2. 'டிசைட் ஆன்': பலவற்றில் ஒன்றைத் தேர்ந்துவிட்டோம். 'வீ டிசைடட் ஆன் பட்டர்மில்க்' என்றால் மோர்தான், பேச்சு முடிஞ்சது.

3. 'டிசைட் அகேன்ஸ்ட்': வேண்டாம் என்பதும் முடிவுதான். 'வீ டிசைடட் அகேன்ஸ்ட் பிளாஸ்டிக் கப்ஸ்.'

4. 'டிசைட் அபவுட்': எதைப் பற்றி என்று மட்டும் சொல்லும். 'வீ டிசைடட் அபவுட் தி கப்ஸ்' என்று எழுதினால், கடைக்குப் போகிறவர் எதை வாங்குவார்?

இன்னொன்று. 'முடிவு எடு' என்பதை அப்படியே 'டேக் எ டிசிஷன்' என்கிறோம். பிரிட்டிஷ் வழக்கில் அதுவும் உண்டு. ஆனால் 'மேக் எ டிசிஷன்' என்பதே அதிகம் புழங்குவது.

எனக்குப் பிடித்தது சொல்லின் வேர். 'டிசைட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு வெட்டுதல் என்று பொருள். மலாய் 'கெபுத்துசான்' உள்ளே 'புத்துஸ்', அதாவது அறுபடுதல், இருக்கு. நம் 'அறுதியிடு' என்பதிலும் 'அறு' இருக்கு. மற்ற வழிகளை அறுத்தால்தான் அது முடிவு.

அடுத்த கூட்டக் குறிப்பில் 'அபவுட்' கண்ணில் பட்டால், என்ன முடிவு, யார் செய்வார் என்று பக்கத்திலேயே எழுதிடுங்க.