கடையைக் காலி செய்தால் வாடகை நின்றுவிடுமா?

"பத்து மாத அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது, கழித்துக்கொள்ளட்டும்." வியாபாரம் படுத்து, பாதியில் ஷட்டரை இறக்குபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. உரிமையாளரோ, "மூன்று வருஷ லாக்-இன். மிச்ச மாதம் அத்தனைக்கும் வாடகையை எண்ணி வை" என்பார். சட்டம் இரண்டையும் அப்படியே ஏற்பதில்லை.

சரக்கை வண்டியில் ஏற்றியதோடு குத்தகை முடிந்துவிடாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி முறையான நோட்டீஸ் வேண்டும், அல்லது உரிமையாளர் ஒப்படைப்பை ஏற்றிருக்க வேண்டும். சாவி வாடகைதாரர் பையில் இருக்கும்வரை, உள்ளே ஒரு நாற்காலி இல்லாவிட்டாலும் வாடகை ஓடும். சாவியை வாங்காமல் உரிமையாளர் நழுவினால் பதிவுத் தபாலில் எழுதி அனுப்புவதும், அன்றைய இ.பி. மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து வைப்பதும் நல்லது. வழக்கென்று வந்தால் பாதிச் சண்டை சாவி கைமாறிய அந்த ஒரு தேதியைப் பற்றித்தான்.

அடுத்தது லாக்-இன், அதாவது குறிப்பிட்ட காலம்வரை காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை. மாதம் 50,000 ரூபாய் வாடகை, 36 மாத லாக்-இன், பத்து மாத அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வாடகைதாரர் 14 மாதத்தில் கிளம்புகிறார். மிச்சம் 22 மாதம், 11 லட்சம். ஆனால் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தபின் அதே கடை 45,000-க்குப் போனால், உரிமையாளரின் வாடகை இழப்பு 2,90,000 ரூபாய்தான். அட்வான்ஸ் ஐந்து லட்சத்தில் அதைக் கழித்தால், பணம் திருப்பித் தர வேண்டியவர் உரிமையாளரே!

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது; அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உரக்கச் சொன்னது. அது வாடகை வழக்கல்ல. மனை ஏல வழக்கு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 78 லட்சம் ரூபாய் முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, 3.12 கோடிக்கு ஏலம் போன அதே மனையைப் பின்னர் 11.78 கோடிக்கு விற்றிருந்தது. இழப்பே இல்லாதபோது எதற்குப் பறிமுதல் என்று கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். லாக்-இன் வழக்குகளில் எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் உண்மை.

ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து போட்டாலே போதும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் மூன்று வருஷக் கணக்கு எடுபடாது. மாதவாடகையாகவே கருதப்படும், 15 நாள் நோட்டீஸில் முடிக்கலாம் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் பொது விதி. பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்த உரிமையாளரின் லாக்-இன் அங்கேயே ஆட்டம் காணும்.

"கொரோனாவில் கடை மூடினோம், வாடகை எதற்கு?" என்ற வாதமும் எளிதில் செல்லாது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, நடப்பிலிருக்கும் குத்தகைக்குப் பொருந்தாது என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

காலக்கெடு? வாடகை பாக்கிக்கு மூன்று ஆண்டுகள். கடையை விட்டுப்போன நாளிலிருந்து மொத்தமாக அல்ல, ஒவ்வொரு மாத பாக்கிக்கும் தனித்தனியாக எண்ணப்படும்.