பஞ்சினுள் மறைந்த பகை

திருப்பூரில் பின்னப்பெறும் பனியனுக்கு நூல் வேண்டும். நூலுக்குப் பஞ்சு வேண்டும். அப்பஞ்சு வெடித்து வெளிப்படுமுன்னே பருத்திக் காய்க்குள் புகுந்து அதனைக் கெடுக்கும் பகை ஒன்று உண்டு. அதுவே இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

இஃது ஓர் அந்துப்பூச்சியின் புழுப்பருவம். தாய்ப்பூச்சி பழுப்பு நிறமுடையது. ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளமே உடையது. பகலில் மறைந்திருந்து இரவில் பறப்பது. அஃது இடும் முட்டையினின்று வெளிவரும் சிறு புழு, விரைவில் இளங்காயைத் துளைத்து உட்புகும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். அதன்பின் மருந்து தெளிப்பினும் உள்ளே எட்டாது. விதைகளைத் தின்று வளர வளர, வெண்ணிறப் புழு இளஞ்சிவப்பாக மாறும். பஞ்சு கறைபடும், நூலின் உரமும் குன்றும். செடி நிறையக் காய்களைக் கண்டு மகிழ்ந்த உழவர், பஞ்செடுக்கும் நாளிலேதான் இழப்பை உணர்வர்.

இப்புழுவிடம் மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. இரண்டு விதைகளை ஒன்றாக இணைத்து, அவற்றினுள்ளே பல மாதங்கள் உறங்கிக் கிடக்கும். வயலில் விட்ட மறுதாம்புச் செடியும், விறகுக்கெனக் குவித்த பருத்திமாரும் அதற்குப் புகலிடங்கள். ஆதலால், சென்னை மாகாணத்தில் 1919ஆம் ஆண்டில் பயிர்ப்பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. கம்போடியப் பருத்திச் செடிகளை ஆண்டுதோறும் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்னும் ஆணை அதன்கீழ்ப் பிறந்தது. திருப்பூரை அந்நாளில் தன்னகத்தே கொண்டிருந்த கோயமுத்தூர் மாவட்டமும் அவ்வாணைக்கு உட்பட்டது.

புழுவைக் கொல்லும் நஞ்சினைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி, 2002இல் நம் நாட்டில் இசைவு பெற்றது. உழவர் கவலை தீர்ந்ததென மகிழ்ந்தனர். ஆனால், அந்நஞ்சைத் தாங்கவல்ல காய்ப்புழு குஜராத்தில் தோன்றியமை 2010இல் அறிவிக்கப்பட்டது. இருவகை நஞ்சு கொண்ட பருத்தியையும் அது பின்னர் வென்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ உழவரும் அரசும் பல்லாண்டு ஒருங்கே முயன்றனர். பி.டி. பருத்தியை விதைத்தனர், அறுவடை முடிந்ததும் செடிகளை அழித்தனர், மலடாக்கிய பூச்சிகளைப் பறக்கவிட்டு இனப்பெருக்கத்தைத் தடுத்தனர். தம் பருத்தி நிலங்களில் இப்பகை ஒழிந்ததென 2018இல் அறிவித்தனர்.

பூச்சி வரப்பை அறியாது. ஒருவர் தம் வயலைத் தூய்மை செய்ய, அண்டை வயலார் பருத்திமாரைக் குவித்து வைப்பாராயின், இருவர் உழைப்பும் பாழாகும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். பருத்தியைக் காக்கும் பணியும் அத்தகையதே.