கல்யாண முருங்கைக்கு வந்த குளவி

நாம் அடைக்கு அரைக்கும் கல்யாண முருங்கையை வங்காளிகள் 'மாந்தார்' என்பார்கள். நம் மந்தாரை வேறு. அது இங்கே 'காஞ்சன்'. மொட்டைமாடித் தொட்டியில் நான் ஒன்று வளர்ப்பதால் இதை எழுதுகிறேன்.

இம்மரத்துக்கென்றே ஒரு குளவி உண்டு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், நம்மைக் கொட்டாது. பெண் குளவி இளந்தளிரிலும் காம்பிலும் துளையிட்டு முட்டை வைக்கும். புழு வளர வளர அவ்விடம் கழலைபோல் புடைக்கும், இலை சுருளும். வளர்ந்த குளவி வட்டத் துளை போட்டு வெளியேறும். தாக்குதல் தொடர்ந்தால் இலையெல்லாம் உதிர்ந்து மரமே பட்டுப்போகும்.

சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் பிடித்தவற்றைக் கொண்டு 2004-இல்தான் இதற்குப் பெயரிட்டார்கள். 2006 வாக்கில் கேரளத்தில் தென்பட்டது. அங்கே மிளகுக்கொடியை இம்மரத்தின் மேலும் ஏற்றுவார்கள். மரம் போனால் கொடிக்குப் பிடிப்பேது? ஹவாய்த் தீவுகளில் 2005-இல் நுழைந்து 'விலிவிலி' மரங்களைச் சூறையாடியது. 2008-இல் இதன் புழுவைத் தின்னும் ஆப்பிரிக்கக் குளவி ஒன்றை அங்கே விட்டார்கள். ஓரளவு பலன் கிடைத்தது.

மருந்தடிப்பதை நான் ஏற்கவில்லை. புழு காம்புக்குள் ஒளிந்திருக்கிறது. இலையைத் தின்பதோ நாம்.

ஊரிலிருந்து போத்து கொண்டுவரும் அன்பர்கள் முதலில் காம்பைத் தடவிப் பாருங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் குப்பையில் எறியாமல் எரித்துவிடுங்கள். வெட்டிப்போட்ட கிளையிலிருந்தும் குளவி வெளியே வரும்.