சரத்தை வாசித்தலும் எஸ்கேப் வரியுருவும்

சரமொன்றை மேற்கோட்குறிகளுக்கு இடையில் எழுதுகின்றோம். சரத்துக்குள்ளேயே ஒரு மேற்கோட்குறி வரவேண்டுமாயின் என்ன செய்வது? பாஸ்கலில் ஒற்றை மேற்கோட்குறியை இரு தடவை எழுதுவதை நீங்கள் அறிவீர்கள். சீ, ஜாவா, ஹாஸ்கெல் ஆகிய மொழிகளில் இரட்டை மேற்கோட்குறியின் முன் பின்சாய்கோடு இடப்படும். இதுவே எஸ்கேப் வரியுரு. இது அடுத்துவரும் வரியுருவின் வழமையான பொருளை மாற்றும். ஆகவே \" என்பது மேற்கோட்குறியையும் \\ என்பது ஒரேயொரு பின்சாய்கோட்டையும் தரும்.

இச்சரத்தை வாசிக்கும் பாகுபடுத்தியை ஹாஸ்கெல் போன்ற சார்புமுறை மொழியில் எழுதுவோம். இங்கு மாறியின் பெறுமானத்தை இடையில் மாற்றுவதில்லை. தன்னைத்தானே அழைக்கும் சார்பொன்றே போதும். அதன் பெயர் 'வாசி' எனக் கொள்வோம். தொடக்க மேற்கோட்குறிக்குப் பின்னுள்ள வரியுருக்களின் பட்டியல் அதற்கு உள்ளீடாகும்.

பட்டியல் வெறுமையாயின் சரம் மூடப்படவில்லை, வழு. முதல் வரியுரு " ஆயின் சரம் முடிந்தது. முதல் வரியுரு \ ஆயின் அதனையும் அடுத்ததையும் சேர்த்து எடுத்து, அவை குறிக்கும் வரியுருவை விடையில் சேர்த்து, எஞ்சிய பட்டியலுக்கு 'வாசி'யை அழைக்க வேண்டும். அடுத்தது இல்லையெனில் அதுவும் வழுவே. வேறு எவ்வரியுருவாயினும் அதனை அப்படியே சேர்த்து மேலே செல்க. ஹாஸ்கெல் நிபந்தனைகளை மேலிருந்து கீழாகவே ஒப்பிடும். எனவே இந்தக் கடைசி விதியை முதலில் எழுதினால் மற்றைய இரண்டும் ஒருபோதும் செயற்படா.

மாணவர் பலர் விடும் தவறொன்றைக் கவனியுங்கள். "மேற்கோட்குறிக்கு முன்னால் பின்சாய்கோடு இருந்தால் சரம் முடியவில்லை" என எழுதிவிடுகின்றனர். பார்வைக்குச் சரிதான். ஆனால் "அ\\" என்னும் சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். இறுதி மேற்கோட்குறிக்கு முன் பின்சாய்கோடு உண்டு. அதனால் சரம் மூடப்படவில்லை எனச் செய்நிரல் தவறாக வழு காட்டும். உண்மையில் இரண்டாம் பின்சாய்கோடு முதலாவதுடன் சோடியாகிவிட்டது. எமது 'வாசி' சோடியை ஒன்றாக எடுப்பதால் இத்தவறு நேராது. பின்னால் திரும்பிப் பார்க்கும் தேவையே அதற்கில்லை.

பயிற்சி: "க\\\"ப" என்னும் சரத்தை வாசித்தபின் பெறப்படும் வரியுருக்கள் எத்தனை?

விடை: 4. அவை க, \, ", ப ஆகும். மேற்கோட்குறிகளுக்கிடையே எழுதப்பட்டவை 6 என்பதால் 6 என விடையளித்தால் புள்ளி கிடையாது.